விரலும் டெஸ்டரும்

“கையை எடுங்க! மெயின் ஸ்விட்ச அணைச்சீங்களா?”

பின்பக்கத் தகடு கழற்றப்பட்ட ஃப்ரிட்ஜின் அருகே குந்தியிருந்த மெக்கானிக், வயரை நோக்கி நீட்டிய விரலைச் சட்டென மடக்கிக்கொண்டார்.

“கரண்ட் இருக்கான்னு சும்மா தட்டிப் பார்க்க வந்தேன் மேடம். இருந்தா விரலே சொல்லிடும்.”

“அப்புறம் டெஸ்டர் எதுக்கு? காது குடையவா?”

நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்த இளம்பெண், மதிப்பெண் தாளில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி இட்டாள். இரண்டாம் முறையும் ஃபெயில்.

மெக்கானிக்குக்கு வியர்த்தது. மருத்துவமனையில் தடுப்பூசிகள் வைக்கும் குளிர் அறைகளைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் அவர்தாம். அடுத்த மாதம் முதல், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இல்லாத எவரும் அங்கே ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது.

“சத்தத்தக் கேட்டே கம்ப்ரசருக்கு என்ன நோவுன்னு சொல்லுவேன் மேடம். நீங்க பொறக்கறதுக்கு முன்னாலேயே ஸ்பேனர் பிடிச்சவன் நான், தெரியுமா?”

“தெரியும். அதுக்கு மார்க் கிடையாது.”

“ஒரு அரை மார்க்காவது...”

“பேரம் பேச இதென்ன காய்கறிக் கடையா?” என்றவள், தாளைக் கவிழ்த்து வைத்தாள். “இத்தனை வருஷமா உங்க விரல் சொல்லிச்சு, சரி. என்னிக்காவது சொல்லாமப் போயிட்டா?”

கவிழ்த்த தாளைத் திரும்ப நிமிர்த்தினாள்.

“கடைசி வாய்ப்பு. முதல்லேர்ந்து செய்ங்க.”

மெக்கானிக் எழுந்தார். மெயினை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். கையுறை அணிந்தார். வரிசை தப்பாமலிருக்க, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப்போல உதடுகள் முணுமுணுத்தன. வலக்கை விரல் ஒருமுறை துறுதுறுத்தது; இடக்கையால் பற்றி அதை அடக்கினார். பிறகு, டெஸ்டரை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்தார்.

“கரண்ட் இல்ல மேடம். இப்பத் தொடலாமா?”

“தாராளமாத் தொடுங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டே ‘சரி’ எனக் குறித்தாள். தாளில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது.

அப்போது கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, கையில் பால் பாத்திரத்துடன் மெக்கானிக்கின் மனைவி உள்ளே வந்தார்.

“நிஜப் பரீட்சை நாளைக்குத்தானே? இப்பவாவது அப்பாவும் பொண்ணுமாச் சேர்ந்து என் ஃப்ரிட்ஜ ஓட விடுங்க, பால் திரியுது!”