கல்லா முன்னால் மல்லுக்கட்டு

'டிங்' என்றது மெஷின்.

அவ்வளவுதான். தலை தீபாவளித் துணி மொத்தத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. இளைய மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் கல்லாவில் இருந்த கறுப்பு டப்பாவின் மேல் தன் செல்போனை லேசாக வைத்தான், எடுத்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சிதம்பரம் மேலவீதியில் அந்த ஜவுளிக்கடைக்கு மட்டும்தான் அந்த டப்பா வந்திருந்தது. ஏதோ ஒரு பேங்க்காரர்கள் சோதனைக்காக வைத்துவிட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. அதன்மேல் போனை வைத்த முதல் ஆள் செல்வன்தானாம். கல்லாக்காரரே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கிட்டே வந்தார்கள். ஒருத்தி போனைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மூத்த மாப்பிள்ளை அருள்முருகனுக்கு வயிறு எரிந்தது.

துணிக்காக இல்லை. அவனுக்கும் வேட்டி சட்டை எடுத்தாயிற்று. போனுக்காகவும் இல்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் அதை வைத்திருப்பான். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்டில் டிரம் உருட்டுகிறவன் வைத்திருப்பானா? அந்த நியாயமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

ஆனால் பில் வரும்போது கல்லா முன்னால் நிற்பது அவன் இடம்.

பத்து வருடமாக அப்படித்தான். மாமனார் சிங்காரத்தோடு எங்கே போனாலும், பில் வந்ததும் அருள்முருகன் பின்பாக்கெட்டில் கையை விடுவான். மாமா பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடிப்பார். இவன் இழுப்பான். அவர் தள்ளுவார். ஓட்டல்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், பிச்சாவரத்தில் படகு டிக்கெட் கிழிப்பவர் எல்லாரும் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள். திருவந்திபுரத்தில் பிள்ளைக்கு மொட்டை போட்ட அன்று நடந்த இழுபறியில் இவன் சட்டைப் பொத்தானே தெறித்துவிட்டது.

கடைசியில் மாமாதான் ஜெயிப்பார். ஆனால் வெளியே வரும்போது இவன் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார். எங்க மூத்த மாப்பிள்ளை ரொம்ப ரோஷக்காரர், விடவே மாட்டேங்கிறார் என்று போகிற வருகிறவர்களிடம் சொல்வார். இவன் மனைவி மாலதி அதை ஒரு வாரம் சொல்லித் திரிவாள். கான்ட்ராக்ட் கூலிக்காரனுக்கு மாமனார் வீட்டில் வேறு என்ன மரியாதை இருக்கிறது?

இன்று அதுவும் போயிற்று. இவன் கை பாக்கெட்டுக்குப் போகக்கூட நேரம் கிடைக்கவில்லை.

மாமாவும் தோள்பையின் ஜிப்பைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். இளைய மாப்பிள்ளையின் பவிசைப் பார்த்து மனுஷன் சொக்கிப்போய்விட்டார் என்றுதான் அருள்முருகனுக்குப் பட்டது. வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் உங்கள் பெங்களூர் மாப்பிள்ளையும், என்று மனதுக்குள் கறுவினான்.

மாலதியும் அவள் தங்கையும் வளையல் கடைக்குப் போயிருந்தார்கள். துணிப்பைகளை இவன்தான் தூக்கினான். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. அதற்கும் சேர்த்து எரிந்தது. செல்வன் ஓடி வந்து ஒரு பையைக் கேட்டான். அவன் நல்ல பையனாக வேறு இருந்து தொலைத்தான்.

அடுத்தது இனிப்புக்கடை. அந்த வருடத்துக் கரண்ட் கட்டில் வீதி முழுக்க ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. மைசூர்பாகு, மிக்சர் எல்லாம் கட்டியாகி பில் வந்தது. செல்வன் போனும் கையுமாகக் கல்லாவை எட்டிப் பார்த்தான்.

அங்கே அந்த டப்பா இல்லை.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு ஒதுங்கினான். அருள்முருகனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் கையை அசைக்கவில்லை. இப்போது மட்டும் நான் வேண்டுமாக்கும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த லட்டுகளைப் பார்த்து நின்றான்.

மாமா தோள்பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். கல்லாக்காரர் கையை நீட்டினார்.

மாமா கொடுக்கவில்லை. இவனைப் பார்த்தார்.

இவன் லட்டுகளைப் பார்த்தான்.

கல்லாக்காரரின் கை நீட்டியபடியே இருந்தது. பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். மாமா நோட்டுகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மறுபடியும் இவனைப் பார்த்தார். பிறகு நான்கே எட்டில் வந்து, துணிப்பைகள் தொங்கிக்கொண்டிருந்த இவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அட, எடுங்க மாப்ள கைய! நான் இருக்கறப்ப நீங்க குடுக்கறதா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செல்வனும் பார்த்தான். இவன் கை பாக்கெட் பக்கமே போகவில்லை. ஒன்றும் புரியாமல் விழித்தான்.

மாமா பிடியை விடாமல் இவன் காதோரம் வந்தார்.

"தல தீவாளிக்கு மருமவன் காசுலயே துணி எடுத்துக் குடுத்த மாமனாரா ஆயிட்டேன். இங்கயாச்சும் கொஞ்சம் இழுங்க மாப்ள. உங்க பர்சுல ஒண்ணுமில்லன்னு எனக்கு மொத வருசமே தெரியும்."