கழன்ற ஒயர்

"இன்னாயா, நீயே கழட்டி வுட்டுட்டு நீயே வந்து மாட்டுறியா?"

கீழே அறையிலிருந்து சுரேஷ்பாபு கத்தியது மொட்டைமாடிவரை கேட்டது. மெக்கானிக் மணிவேல் ஏ.சி.யின் வெளி யூனிட் மூடியைத் திறந்தான். இரண்டு வாரத்தில் இதே வீட்டுக்கு இது மூன்றாவது தடவை. இன்னொரு புகார் வந்தால் வேலையிலிருந்து நின்றுகொள் என்று திருப்பதியிலுள்ள கம்பெனி ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

கீழே அறைக்குள் கரண்ட் சரியாக வந்தது. இங்கே மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. ஒரு ஒயர் தன் இடத்தில் இல்லாமல் வெளியே வளைந்து நின்றது.

முதல் தடவை, அதிர்வில் கழன்றிருக்கும் என்று நினைத்தான். இரண்டாம் தடவை ஒயர் முனையில் செம்பு வளையம் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுப் போனான். வளையம் தானாகக் கழலாது. ஆனால் அது வெளியே கிடந்தது. ஸ்க்ரூவை மட்டும் யாரோ திரும்பவும் இறுக்கி வைத்திருந்தார்கள்.

எலிக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாது. இது மனிதக் கை செய்த வேலை. அதைச் சொன்னால் தன் வேலை தப்பும். சொல்லிவிடும் முடிவோடு, தன் ஏணியைச் சாத்தி வைத்திருந்த ஹாலுக்குள் படியிறங்கினான்.

அறைக் கதவின் வெளிப்புறத் தாழ்ப்பாளில் ஒரு பூட்டு தொங்கியது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். முன்பும் பார்த்திருக்கிறான், திருட்டு பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இன்று கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த சுரேஷ்பாபுவின் மனைவி கீர்த்தியின் மணிக்கட்டைப் பார்த்தான். கன்றிப்போய் நீலமாக இருந்தது.

சுரேஷ்பாபுவுக்குப் போன் வந்தது. அவன் முகத்தைத் திருப்பிய நொடியில் அவள் உதடுகள் அசைந்தன.

"அண்ணா, நகரி ஊர்ல எங்க நைனா…"

"இன்னா பேச்சு அங்க?"

அப்பாவைப் பற்றிச் சொல்ல வந்தவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மணிவேலுக்குப் பொட்டில் அறைந்ததுபோல விளங்கியது. ஏ.சி. கெட்டால்தான் இந்தக் கதவு வெளியாளுக்குத் திறக்கும்.

"நான் வேற ஆளைக் கூப்டறேன்னேன். எங்கம்மாதான் அதே ஆளே வந்து செஞ்சிட்டுப் போவட்டும்னாங்க" என்றான் சுரேஷ்பாபு. "சொல்லு, இன்னா ஃபால்ட்டு?"

வாசலை அடைத்துக்கொண்டு அவன் அம்மா தாட்சாயணி நின்றிருந்தாள். முகம் இறுகிக் கிடந்தது. மணிவேல் சட்டென்று ஒரு பொய் சொன்னான்.

"கெப்பாசிட்டர் போய்டிச்சி சார். பஜார்ல கெடைக்கும். அரை மணியில வாங்கியாந்துடறேன்."

வெளியே போனால் போதும், உடனே போலீசுக்குப் போன் போட்டுவிடலாம்.

"நீ பழசை மாட்டுவ. நானே வாங்கியாறேன்." சுரேஷ்பாபு கையை நீட்டினான். "போனைக் குடு. நான் வர்றதுக்குள்ள நீ ஓடிட்டின்னா?"

கொடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். மணிவேல் கொடுத்தான்.

"ம்மா, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாத்துக்கோ."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

கிரில் கேட்டை வெளியே பூட்டும் சத்தம் கேட்டது. பொய் சொல்லித் தப்பப் பார்த்த மணிவேல், இப்போது தானும் உள்ளே மாட்டிக்கொண்டான். சாவி இல்லை, போன் இல்லை. எதிரே கண்கொட்டாமல் அந்தக் கிழவி.

"அம்மா, அந்தப் பொண்ணு…" என்று ஆரம்பித்தான்.

தாட்சாயணி விரலை உதட்டில் வைத்தாள். பைக் சத்தம் தெருமுனை திரும்பி ஓயும்வரை அப்படியே நின்றாள். பிறகு மருமகளிடம் வந்தாள்.

"எழுந்திருடி. அரிசி டிரம்முல உன் சர்டிபிகேட்டெல்லாம் ஒளிச்சி வெச்சிருக்கேன். எடுத்துக்கோ."

கீர்த்தி நம்பாமல் விழித்தாள். பயத்தில் சுவரோடு ஒண்டினாள்.

"நாப்பது நாளா உன்ன அடைச்சி வெச்சதைப் பாத்துக்கினு இருந்தேன். என் போனையும்தான் புடுங்கிக்கினான். இனிமே முடியாது. எழுந்திரு." கிழவி மணிவேலிடம் திரும்பினாள். "உன் ஏணியத் தூக்கிக்கினு மாடிக்கு வா."

மாடியில் வெயில் கொளுத்தியது. பக்கத்து வீட்டு மாடிக்கும் இதற்கும் நடுவில் மூன்றடிச் சந்து. மணிவேல் கைப்பிடிச் சுவர்கள்மேல் ஏணியைக் குறுக்கே போட்டு, கயிற்றால் கட்டி, அசைத்துப் பார்த்தான்.

"அந்த வீட்டு கேட்டு பகல்ல தொறந்துதான் இருக்கும். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போ. அவங்களே இவ நைனாவை வரச் சொல்லுவாங்க."

கீர்த்தி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்களும் வந்துடுங்க. உங்கள சும்மா வுட மாட்டாரு."

"என் முட்டிக்கு இந்த ஏணி ஆவாது. அவன் என் புள்ள. நான் பேசிக்கறேன்."

கீர்த்தி சர்டிபிகேட் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தவழ்ந்து போனாள். அந்தப் பக்கம் இறங்கினாள். நாற்பது நாளில் முதன்முறையாகப் புகுந்த வீட்டுக்கு வெளியே நின்றாள்.

அடுத்து ஏறிய மணிவேல் ஒரு கணம் நின்றான். "உங்க மருமக கெட்டிக்காரிம்மா. ஒயரைக் கழட்டிக் கழட்டியே என்னை மூணு வாட்டி வரவெச்சிருக்கா."

தாட்சாயணியின் முகம் முதல் தடவையாக இளகியது.

"பூட்டின ரூம்ல கெடந்தவ மாடிக்கு எப்பிடிப்பா வருவா? கழட்டினது நான்."