ஐந்தாவது முடிச்சு

நான் தமுக்கை எடுப்பதற்கு முன்பே சிங்காரமும் பச்சைமுத்துவும் ஆளுக்கொரு வலை நூலோடு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சிங்காரம் வடகுப்பத்துக்காரர். பச்சைமுத்து தென்குப்பம். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்கிற 'பாடு' முறைத் தகராறு அவர்களுக்குள் தீர்ந்ததே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது, ஒல்லாந்தர் கோட்டை உத்தரவைத் தமுக்கடித்துச் சொல்லும் நான்.

வடகுப்பத்தை முதலில் சொன்னால் தெற்கே முறைப்பார்கள். தென்குப்பம் என்று சொல்லும்போது இருமிவிட்டால் கிண்டல் செய்தேனாம். அந்த இருமலுக்காகவே போன மாதம் பஞ்சாயத்து கூடியது.

கடைசியில் துணி வியாபாரி அப்துல் ஹை மரைக்காயர் ஒரு வழி சொன்னார். நான் ஓரவஞ்சனையாகப் பேசுகிற இடத்தில் எல்லாம் அவரவர் நூலில் ஒரு முடிச்சுப் போடலாம். எந்த நூலிலாவது ஐந்து விழுந்தால் தமுக்கு என்னிடம் இருக்காது.

இரண்டு நூலிலும் நான்கு விழுந்தாகிவிட்டது.

எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. துடுப்பைப் பிடித்தால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதனால் ஓலையைப் பத்துத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தமுக்கில் வடக்குக்கு மூன்று அடி, தெற்குக்கு மூன்று அடி. ஒரே குரல். முதல் தடவை வடகுப்பத்தை முன்னால் சொன்னேன், அடுத்த தடவை தென்குப்பத்தை. இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

இருவரும் இமைக்காமல் கேட்டார்கள். மரைக்காயர் நூல்களை வாங்கித் தடவிப் பார்த்தார். புது முடிச்சு ஒன்றுகூட இல்லை.

"நீதாம்பா நியாயஸ்தன்! அந்தாண்டயும் சாயல, இந்தாண்டயும் சாயல" என்று சிங்காரம் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு பச்சைமுத்து மட்டும் திரும்பி வந்தார்.

"ஆமா, இன்னா சொன்னே? நாளைக்கு யாரு பாடு?"

ஓலையை மறுபடி விரித்துப் படித்தேன். 'தென்குப்பத்தாரும் வடகுப்பத்தாரும் நாளை முதல் ஏரியில் வலை போடக்கூடாது. எல்லாப் பாடும் இனி கோட்டைக்கே.'

பச்சைமுத்து ஏரியைத் திரும்பிப் பார்த்தார். முகம் இருண்டது.

"இப்பேர்ப்பட்ட சேதில எங்க பேர ஏன் முன்னால சொன்னே?" என்று கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்து நூலை உருவி ஐந்தாவது முடிச்சைப் போட்டார்.