இருபத்தாறாம் தேதி போன்

"ஏங்க, இந்தப் பொண்ணு என்னமோ முக்கோணம்ங்குது!"

ஒசாகாவில் அந்த செல்போன் கடை முழுக்கக் கேட்கும்படி கூவினாள் மசுயோ. கையில், அன்று காலை ரயில் நிலைய வாசலில் ஹருவோகி என்ற இளைஞனிடம் வாங்கிய போன். பழசுதான், ஆனால் பளபளவென்று இருந்தது.

கவுன்ட்டர் பெண் நிதானமாகச் சொன்னாள். "உங்க நம்பருக்கு இணைப்பு குடுத்துட்டேம்மா. ஆனா இது எங்க கம்பெனி தவணையில குடுத்த போன். வித்தவர் இன்னும் கட்டிட்டிருக்கார். அதுக்குத்தான் முக்கோணக் குறி. அவர் நிறுத்தினா போன் முடங்கிடும். கட்டி முடிச்சா வட்டம் வந்துடும்."

"போச்சு!" புருஷன் தெய்சோ தலையில் கைவைத்தார். "வடக்கே ஹொக்கைடோவுக்கு வேலைக்குப் போறேன்னானே! இனி எங்க கட்டுவான்?"

"நல்ல புள்ளைங்க. என்னை அக்கான்னு கூப்பிட்டு, நம்பரும் வாங்கிக்கிட்டான்."

"அம்பத்தெட்டு வயசுக்காரியை அக்காங்குறான். அப்பவே தெரிய வேணாமா, புளுகன்னு?"

கவுன்ட்டர் பெண் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மசுயோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெய்சோவின் வழுக்கை, அவர்களுடைய உடோன் நூடுல்ஸ் கடைக் குண்டான், எதிர் வீட்டுப் பூனை, மறுபடி வழுக்கை என்று ஒரே நாளில் இருநூறு படம்.

இருபத்தாறாம் தேதி மணி அடித்தது.

"அக்கா, ஹருவோகி. போன் வித்தேனே! இந்த மாசத் தவணை கட்டிட்டேன். பயப்படாதீங்க."

"பார்த்தீங்களா!" என்றாள் மசுயோ.

"முதல் மாசம் எல்லாரும்தான் கட்டுவாங்க," என்றார் தெய்சோ.

அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும். 'கட்டிட்டேன்' என்பது அரை நிமிஷம், மிச்சப் பேச்சு அரை மணி. பனி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டதாம். வேலை விட்டு அறைக்கு வந்தால் பேச ஓர் ஆள் இல்லையாம். ஒருநாள் மசுயோ போனிலேயே உடோன் சாறு வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"தவணை கட்டுறவன் இவ்வளவு பேசுவானா? ஏதோ திட்டம் வச்சிருக்கான்," என்றார் தெய்சோ.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு நாள் தெய்சோ மனைவிக்குத் தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். அதே பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"வட்டம் வந்துடுச்சு சார்! முழுசாக் கட்டி முடிச்சாச்சு. இனி ஒரு யென் பாக்கி இல்ல."

தெய்சோ வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த மாதம் இருபத்தாறாம் தேதி மணி அடித்ததும் மசுயோவை முந்திப் பாய்ந்து எடுத்தார்.

மறுமுனை திடுக்கிட்டது. "அண்ணே... நீங்களா! வந்து... இந்த மாசத் தவணை கட்டிட்டேன்."

"ஓகோ. இன்னும் எத்தனை மாசம் பாக்கி?"



"நிறைய... நிறைய இருக்குண்ணே."

தெய்சோ தொண்டையைச் செருமிக்கொண்டு அதட்டினார்.

"இருக்கட்டும்! ஒரு மாசம் விடாம கட்டணும். கட்டினதும் போன் பண்ணிச் சொல்லணும், தெரியுதா?"