கடைசிப் புல்லுக்குப் பாராட்டு விழா

நடுக்கடலில் ஒரு தீவு. உலகத்தில் வேறெங்கும் முளைக்காத ஒரு புல் அங்கே மலைச்சரிவு முழுக்க வளர்ந்திருந்தது. அந்தத் தீவின் ஆடு அத்தனையையும் மேய்ந்து தீர்த்தது. பாறை இடுக்கில் ஒரே ஒரு புல்தான் மிச்சம்.

விஷயம் தெரிந்ததும் நண்டு பதறிப்போய்ப் பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. தலைமை தாங்க ஆட்டையே அழைத்தது. அந்தப் புல்லைப் பற்றி ஆட்டைவிட விவரம் தெரிந்தவர் வேறு யார்?

"விழாவெல்லாம் வேண்டாங்க," என்றது புல். "பத்து நாள் என்னைச் சும்மா விட்டாலே போதும். விதை முற்றி உதிர்ந்துவிடும்."

"அடடா, என்ன தன்னடக்கம்!" என்று உருகிய ஆடு, மேடையேறிப் பேசத் தொடங்கியது. கடற்பறவைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்டன.

"இவருடைய தாத்தாவை எனக்குத் தெரியும். பெரியப்பா, சித்தப்பா எல்லாரோடும் நெருங்கிப் பழகியிருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கே ஒரு தனி மணம் உண்டு..."

பேசப் பேச ஆட்டுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கடற்பாசியில் நெய்த பொன்னாடையை நண்டு எடுத்துக் கொடுத்தது. போர்த்துவதற்காக ஆடு குனிந்தது. நிமிர்ந்தபோது பொன்னாடை மட்டும் கீழே கிடந்தது.

நண்டு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"யாரும் கலைய வேண்டாம். இதையே இரங்கல் கூட்டமாக நடத்திவிடலாம். தலைவராக இவரே இருக்கட்டும்."

எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். தலைவர் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.