வளனுக்கு வந்த படபடப்பு

"ஒண்ணும் விளக்க வேண்டாம். கேட்டதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர் வைத்தீஸ்வரன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"இல்ல சார், நான் வந்தது..."

"எதுக்கு வந்தீங்கன்னு அதுவே கண்டுபிடிச்சிரும்."

திருநெல்வேலி டவுணில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டாக்டர் என்று அவருக்கு ஏற்கெனவே பேர். கீழே அவர் கிளினிக், மாடியில் அவர் மனைவியின் பிரசவ ஆஸ்பத்திரி. நோயைச் சொல்லும் புரோகிராம் மெட்ராஸிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தது. காலையில் கிளினிக்கைத் திறந்ததும் முதல் ஆளாக வந்து மாட்டியவர் மணப்பாட்டுக்காரர் வளன். கடலுக்குப் போகிறவர். சும்மா விடுவாரா டாக்டர்?

"ராத்திரி தூங்கினீங்களா?"

"பொட்டுக்கூட தூங்கல சார்."

"சாப்பாடு?"

"நேத்து மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி இறங்கல."

"நெஞ்சு படபடன்னு அடிக்கா?"

"இப்பமும் அடிக்கு."

"கை நடுக்கம்? காரணமில்லாம கண்ணுல தண்ணி?"

"ரெண்டும் உண்டு. ஆனா, காரணம் என்னன்னா..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா சார்."

டாக்டர் பொத்தானைத் தட்டினார். திரையில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது: 'இதய நோய். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவும்.'

டாக்டருக்குப் பகீரென்றது. பாய்ந்து வந்து வளனின் கையைப் பிடித்தார். நாடி கொஞ்சம் வேகம். ஆனால், சீராக ஓடியது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லை. பிறகுதான் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. முகமெல்லாம் சிரிப்பு! நெஞ்சுவலிக்காரன் இப்படியா சிரிப்பான்?

இத்தனை கேள்வி கேட்ட மிஷினுக்குத்தான் கண் இல்லை. தனக்கு என்ன வந்தது? டாக்டருக்கு வெட்கமாகிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நாற்காலியை வளன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வேலைக்கு அது ஆவாது. நீங்களே பைய சொல்லுங்க. முன்ன எப்பமாவது இப்படி வந்திருக்கா?"

"ஒரு தடவ வந்திருக்கு சார். நாலு வருசம் முந்தி."

"பெறவு எப்படிப் போச்சு?"

"எங்கன போச்சு? அந்தா, வாசல்ல நிக்குல்லா!" என்று சிரித்த வளன், வெளியே திரும்பிக் கூப்பிட்டார். "ஏட்டி பெனிஷா, உள்ள வா. மாடியில டாக்டரம்மா கையில உனக்குத் தங்கச்சி பொறந்திருக்கால்லா, அதுக்கு வாங்கின அல்வாவ சாருக்கு நீயே குடு!"