பொருள் எண் முப்பத்தொன்று

உள்ளங்கை மேசைக்கு மேலே நின்றது.

தட்ட வேண்டியதுதான். இரண்டு வருடமாக அவள் செய்துவந்த மக்கள் பணி அதுதானே.

நகராட்சிக் கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. "பொருள் எண் ஒன்று முதல் முப்பத்தைந்து வரை" என்று எழுத்தர் வாசிப்பார். இருபத்து நான்கு கவுன்சிலர்களும் மேசையைத் தட்டுவார்கள். அத்தனையும் நிறைவேறிவிடும். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, மீன் மார்க்கெட் ஏலம், எல்லாம். பின்னாலேயே டீயும் மிக்சரும் வரும்.

மூன்று நிமிடத்தில் ஊர் முன்னேறிவிடும்.

அவள் ஒன்பதாவது வார்டு. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. தேர்தல் போஸ்டரில் அவள் படம் சின்னது, கணவர் படம் பெரியது.

"எல்லாரும் தட்டும்போது நீயும் தட்டு, போதும்" என்று முதல் கூட்டத்துக்கு முன்னால் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும் அஜெண்டாவையும் அவரே வாங்குவார். மடித்து டிவிக்கு அடியில் வைப்பார். அது அங்கேயே கிடக்கும்.

இந்த முறை அவள் கைக்கு வந்தது.

நகராட்சி அலுவலக உதவியாளர் இசக்கியப்பன் கொண்டுவந்தார். வேகாத வெயில்.

"வாசல்ல சார் வண்டி நின்னுச்சு, ரெண்டு தடவ வந்து திரும்பிப் போனேம்மா. சட்டப்படி உங்க கையிலதான் குடுக்கணும்."

தண்ணீர் கொடுத்தாள். மூச்சுவிடாமல் குடித்தார். காலிச் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் வீட்டுக்காரி பேச்சித்தாய் சந்தையில கீரை விக்காம்மா. சனிக்கிழமைன்னா இருட்டுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. குடிச்சா எங்க போவா? பொம்பளையாளுவ கக்கூஸப் பூட்டி ஏழு மாசம் ஆச்சு. சாவி நம்ம ஆபீஸ் ஆணியிலதான் தொங்குது."

அவ்வளவுதான். போய்விட்டார்.

அஜெண்டாவில் ஒரே ஒரு பக்கம் ஓரம் மடங்கியிருந்தது.

பொருள் எண் 31: சந்தை வளாகத்தில் பயன்பாடின்றி உள்ள கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுதல். மன்றத்தின் அனுமதிக்கு.

பயன்பாடின்றி!

பூட்டி வைத்தவர்களே எழுதியிருக்கிறார்கள், யாரும் பயன்படுத்துவதில்லை என்று. அடேயப்பா, என்ன ஒரு சாமர்த்தியம்.

அவளும் சனிக்கிழமைதோறும் சந்தைக்குப் போகிறவள்தான். அந்தப் பூட்டைப் பார்த்திருக்கிறாள். வீடு பக்கத்திலேயே இருக்கிறவளுக்குப் பூட்டு உறுத்தவில்லை.

அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

இப்போது எழுத்தர் வாசித்து முடித்துவிட்டார்.

அவர் முடிப்பதற்கும் மேசை அதிர்வதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் உண்டு. அதற்குள் வாயைத் திறந்தால் ஆச்சு. இல்லாவிட்டால் அடுத்த வாரமே கட்டடம் தரைமட்டம்.



இரண்டு மேசைகள் தட்டத் தொடங்கிவிட்டன.

"முப்பத்தொண்ணு வேண்டாம்."

அவள் குரல்தான். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

தட்டிய கைகள் நின்றன. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. மேசையே பேசிவிட்டது மாதிரி பார்த்தார்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களாம்மா?"

யாரோ சிரித்தார்கள்.

"சார் சந்தைக்குப் போறதில்ல. நான்தான் போறேன்."

சிரிப்பு அடங்கியது. இனி நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. அதனால் நிறுத்தவில்லை.

"அது பொம்பளைங்க கக்கூஸ். மொதல்ல பூட்டத் தொறந்துவிடச் சொல்லுங்க. பொறவு யாரும் போறாங்களா இல்லையான்னு பாப்போம்."

பதினான்காவது வார்டு அம்மாள் மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து மூன்றாவது வார்டு. அடுத்து இருபதாவது. அந்த மன்றத்தில் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அவளே அன்றைக்குத்தான் பார்த்தாள். பன்னிரண்டு பேர் கையும் மடியில்.

மேசை தட்ட ஆள் பாதியாகிவிட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர் எழுதினார்: பொருள் எண் 31 ஒத்திவைக்கப்பட்டது. கட்டடம் உடனே திறக்கப்படும்.

டீ வந்தது. இசக்கியப்பன்தான் கொண்டுவந்தார். அவள் முன்னால் டம்ளரை வைக்கும்போது கொஞ்சம் சிந்தியது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அவள் ஏதாவது சொல்வதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது நாள், "இனிமே அஜெண்டாவ நீயே வாங்கி வச்சுக்கோ" என்றார். கோபத்தில்தான் சொன்னார்.

சரி என்றாள்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். இசக்கியப்பன் அவளை நம்பி இரண்டு தடவை வெயிலில் திரும்பிப் போயிருக்கிறார். அவளை நம்பி அதுவரை யாரும் அப்படி எதுவும் செய்ததில்லை. அவரிடம் சொல்ல முடியாததை அவர் வீட்டுக்காரியிடமாவது சொல்ல வேண்டும்.

கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் நான்கு பெண்கள் ஏதோ சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

பேச்சித்தாய் சாக்கு விரித்துக் கீரைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். சொம்பில் அள்ளிக் கீரை வாடாமல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். யாரென்று தெரிந்துவிட்டது.

எழுந்திருக்கவில்லை, கும்பிடவில்லை.

இன்னொரு சொம்பு அள்ளினாள். அண்ணாந்து குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது. நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"ஏழு மாசமா இந்தத் தண்ணி கீரைக்கு மட்டுந்தாம்மா" என்றாள்.

மறுபடியும் அள்ளிச் சொம்பை அவளிடம் நீட்டினாள்.

அவளுக்குத் தாகம் இல்லை.

வாங்கி, முழுவதும் குடித்தாள்.